ஈயம் இனிக்கும்

அந்தத் தெருவில் எந்தச் சுவரிலும் ஓர் ஆணி ஒரு வருஷம் தாங்காது. துரு தின்றுவிடும். கதவுக் கொண்டி, ஜன்னல் கம்பி, வாளியின் வளையம் எல்லாம் பழுப்பேறி, தொட்டால் பொருபொருவென்று உதிரும். பழைய பேட்டரிகளை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் கவிழ்க்கிற தெரு அது. மழை பெய்தால் சாக்கடை நுரைத்துக்கொண்டு வாசற்படிவரை ஏறும். துணி காயப்போடும் கம்பி வருஷத்துக்கு இரண்டு முறை அறுந்து விழும். பெண்கள் யாரையோ திட்டிக்கொண்டே ஈரத்துணியைப் பொறுக்கி, மறுபடி அலசி, வேறு கம்பி கட்டுவார்கள்.

ஈயக்காரர் வீடு தெருவின் கடைசி. காலையில் கிடங்கிலிருந்து தள்ளுவண்டியில் பேட்டரி வந்து இறங்கும். கோடாரியால் அதன் தலையைச் சீவி, அமிலத்தைக் கவிழ்த்து, உள்ளே அடுக்கியிருக்கும் தகடுகளை உருவிப் போடுவார். தகட்டில் அப்பியிருக்கும் பசையை அவர் மனைவி கட்டையால் தட்டி உதிர்த்துச் சலிப்பாள். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் கரி அடுப்பும் இரும்புச் சட்டியும் இருந்தன. சட்டியில் ஈயம் உருகி, மேலே கசடு ஏடு கட்டும். நீளக் கரண்டியால் அதை வழித்து எறிந்துவிட்டு அச்சில் ஊற்றுவார். ஊற்றிய வேகத்தில் வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு வரும். மூச்சு இழுத்து விடுவதற்குள் மங்கிச் சாம்பலாகிவிடும். அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காகவே சின்னவள் பக்கத்தில் குந்தியிருப்பாள்.

சின்னவளுக்கு ஒன்பது வயது. மூன்றரை வயதில்தான் நடந்தாள். சட்டைப் பொத்தான் இன்னும் போட வராது. ஐந்துக்கு மேல் எண்ண வராது. உப்பு வாங்கி வா என்று அனுப்பினால் சிரித்துக்கொண்டே தெருமுனைவரை போவாள்; எதற்கு வந்தோம் என்று யோசிப்பாள்; அங்கே ஒரு நாய் படுத்திருந்தால் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அந்தத் தெருவில் அவளைவிடச் சந்தோஷமான உயிர் கிடையாது. அம்மா சலிக்கும்போது சல்லடைக்குக் கீழே குவியும் தூளில் விரலை ஒற்றி நக்குவாள்.

"இனிக்குதும்மா."

"சீ, துப்பு. மண்ணைத் தின்னாத."

"விடேன்," என்பார் ஈயக்காரர் சிரித்துக்கொண்டு. "அவ மனசுக்கு மண்ணும் இனிக்குது. நமக்குச் சக்கரையே கசக்குது."

அவர் சிரித்தால் பல்லுக்கு மேலே ஈறின் ஓரத்தில் நீலக் கோடு ஒன்று தெரியும். மைப்பேனாவால் இழுத்த மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்தே பழகியிருந்தார்கள். மாதத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார். அதுவும் பழகியதுதான்.

சின்னவளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வராதபோது பிரார்த்தனை மண்டபத்துக்குத் தூக்கிப் போனார்கள். மண்டபத்துப் பெரியவர் குழந்தையின் தலையில் கை வைத்து, வெகு நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னார்: "இது கடவுள் தனக்குன்னு ஒதுக்கி வச்ச பிள்ளை. உங்களை நம்பி வளக்கக் குடுத்திருக்காரு."

அதற்குப் பிறகு வயிற்றில் தங்கிய இரண்டும் கலைந்தன. ஒவ்வொரு முறையும் ஈயக்காரர் மனைவியிடம், "இந்த ஒண்ணைப் பாக்கவே நமக்குப் பொழுது சரியா இருக்கும்னு அவருக்குத் தெரியுது," என்றார். அவள் அழுகையை நிறுத்தியது அந்த வார்த்தையில்தான். அவர் எழுந்து வேலைக்குப் போனதும் அந்த வார்த்தையில்தான். சாப்பிட உட்கார்ந்தால் முதல் வாய் சின்னவளுக்கு. ஈயம் அள்ளிய கையைத் துணியில் துடைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து, உருட்டி ஊட்டுவார்.

மூத்தவள் கல்லூரியில் வேதியியல் மூன்றாம் வருஷம். இரண்டு பேருந்து மாறிப் போய் வருவாள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரி போன முதல் ஆள். அவள் வந்து பையைக் கழற்றுவதற்குள் ஈயக்காரர் கேட்பார்:

"இன்னைக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"ஈயத்தோட அணு எடைப்பா."

"எவ்வளவு?"

"இருநூத்தி ஏழு."

"நான் தூக்கறப்ப அதுக்கு மேலல்ல இருக்கு! உங்க தராசை சரி பாக்கச் சொல்லு."

அவளும் சிரிப்பாள். அந்த வீட்டில் அவளிடம் கேள்வி கேட்பவர் அவர் ஒருவர்தான். அம்மாவுக்கு அவள் படிப்பு மழை மாதிரி. பெய்தால் சரி, அது எப்படிப் பெய்கிறது என்ற விவரம் வேண்டாம்.

போன வருஷத்திலிருந்து மூத்தவள் மண்டபத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அதைப் பற்றி வீட்டில் அடிக்கடி பேச்சு வரும்.

"அங்க போய் நான் என்னப்பா கேக்கறது?"

"கேக்கத்தான் போகணுமா? சும்மா கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றது."

"சும்மா உக்கார வீட்டுலயே எடம் இருக்கு."

"வாயைப் பாருங்க," என்றாள் அம்மா. "படிக்க வச்சா மூளை வளரும்னு பாத்தா வாய்தான் வளருது."

"விடு. கேள்வி கேக்கறவளைக் கடவுளுக்குப் பிடிக்காமப் போகாது. பிடிக்கலைன்னா கேள்வின்னு ஒண்ணைப் படைச்சே இருக்க மாட்டாரு."

"கடவுளைப் படைச்சதே கேள்விதான்பா," என்றாள் அவள். அந்த வாக்கியம் அவளுக்கே பிடித்துப்போனது. அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். அந்தப் பக்கங்களில் அவள் இப்படி நிறைய எழுதியிருந்தாள். 'நம்பிக்கை என்பது கேள்வியை நிறுத்திக்கொள்ளும் இடம். அறிவு எங்கேயும் நிற்பதில்லை.' 'தெரிந்துகொண்டு துன்பப்படுவது தெரியாமல் சிரிப்பதைவிட மேல்.' இருபது வயது. பக்கத்தில் ஓரமாகக் கோடு போட்டு, தேதியும் எழுதியிருந்தாள்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் பேராசிரியை உலோக நச்சு பற்றிப் பாடம் எடுத்தார். கரும்பலகையில் எழுத எழுத எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வயிற்று வலி. மணிக்கட்டில் பலம் குறைதல். ஈறின் ஓரத்தில் நீலக் கோடு. பெண்களுக்குக் கரு கலைதல். குழந்தைகளுக்கு நடையும் பேச்சும் தாமதமாதல், நினைவு நிற்காமை, கணக்கு வராமை. "இதுல ஒரு வேடிக்கை," என்றார் பேராசிரியை. "ஈய உப்பு சிலது இனிக்கும். அதனால சின்னப் பிள்ளைங்க தேடித் தேடி நக்கும்."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். மூத்தவள் நீலக் கோடு என்று எழுதியதோடு நிறுத்தியிருந்தாள்.

வகுப்பு முடிந்து பேராசிரியையிடம் போனாள். பெரிய ஆய்வகத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வீட்டில் எல்லோருடைய ரத்தத்தையும் கொண்டுவரச் சொன்னார். வீட்டில் அவள், கல்லூரியில் செய்முறைக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ரத்தம் எடுக்க வந்த ஆள் ஊசியைக் குத்தும்போது ஈயக்காரர் முகமெல்லாம் சிரிப்பு.

"என் ரத்தமும் காலேஜுக்குப் போகுது பாத்தியா! நான்தான் போகலை."

சின்னவள் அழுதாள். அவர் மடியில் வைத்து, அவள் கண்ணைத் தன் கையால் பொத்திக்கொண்டார்.

பத்தாம் நாள் பேராசிரியை அவளை அறைக்குக் கூப்பிட்டார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கண்ணில் இருந்தது இரக்கம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள்.

"உன் தங்கச்சியோட அளவு... இந்த மாதிரி நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். அருமையான தரவு இது. உங்க தெருவுல இன்னும் எத்தனை குழந்தைங்க இருக்கும்?"

"சரியாகுமா மேடம்?"

"மருந்து இருக்கு. ரத்தத்துல அளவு குறையும். முதல்ல அந்த இடத்தை விட்டு நகத்தணும்."

"இல்ல... அவ. அவளுக்குச் சரியாகுமா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "மூளையில ஆனது ஆனதுதாம்மா. உனக்குத் தெரியுமே. அன்னைக்கு வகுப்புல நானே நடத்தினேனே."

பேருந்தில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை.  உள்ளே ஒரு சுறுசுறுப்பு இருந்தது. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்று வலி, கலைந்த இரண்டு கரு, சின்னவளின் சிரிப்பு எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றன, கணக்கில் விடை வந்த மாதிரி. எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை. சொன்னால் போதும் என்று நினைத்தாள். உண்மை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நோட்டில் எப்போதோ எழுதியிருந்தாள்.

மறுநாள் விடுமுறை. மழை விட்டு, மதிய வெயில் சுள்ளென்று அடித்தது. ஈயக்காரர் கொட்டகையில் கசடு வழித்துக்கொண்டிருந்தார். அம்மா சலித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் அவர் முதுகில் சாய்ந்து உட்கார்ந்து அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அப்பா, அவளை அந்தாண்ட போகச் சொல்லு. உன்கிட்ட பேசணும்."

"அவ இருந்தா என்ன? ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லிடுவாளா?"

"அதுக்கு இல்ல. அந்தப் புகையில அவ உக்காரக் கூடாது."

அவர் கரண்டியை வைத்தார். "என்னது?"

அவள் சொன்னாள். வரிசையாக, தெளிவாக, தேர்வில் சொல்வதுபோல. முதலில் ஈயம் உடம்புக்குள் எப்படிப் போகிறது. பிறகு அது என்ன செய்கிறது. பிறகு தாளில் இருந்த நான்கு எண்கள். ஈயக்காரர் பாதியில் சிரித்தார்.

"எங்கப்பன் காலத்துலேர்ந்து பேட்டரி உடைக்கிறோம் கண்ணு."

"தாத்தா எத்தனை வயசுல போனாரு?"

அவர் குனிந்து அடுப்புக் கரியைத் தள்ளினார்.

"வாயைத் திற. கண்ணாடியில பாரு. அந்த நீலக் கோடு, அதுக்குப் பேரே இருக்குப்பா. புத்தகத்துல படம் போட்டிருக்கு. உன் வயித்து வலி அதுதான். அம்மாவுக்கு ரெண்டு தங்காமப் போனதும் அதுதான்."

அம்மாவின் கையில் சல்லடை நின்றது.

"சின்னவளுக்கு?" என்றார் ஈயக்காரர்.

"அவளுக்கும்."

"அவளுக்கும்னா?"

"நடக்க லேட்டானது. பேச்சு. எண்ண வராதது. சொன்னது நிக்காதது. எல்லாம்."

அவர் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தினமும் கேட்கிற மாதிரியே, ஒவ்வொன்றாக, பொறுமையாக.

"காத்து வழியா போகுமா, கை வழியா போகுமா?"

"ரெண்டும்தான். தூளு வாய்க்குள்ள போறதுதான் அதிகம்."

"நான் ஊட்டினா?"

"உன் கையில இருக்குமேப்பா."

"கழுவிட்டுத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். துணியில் துடைப்பதுதான் அவர் கழுவுவது. "மருந்து குடுத்தா திரும்பி வருமா? அவ மத்த பிள்ளைங்க மாதிரி ஆவாளா?"

"ஆக மாட்டா."

"மண்டபத்துப் பெரியவர் சொன்னாரே."

"அவருக்கு வேதியியல் தெரியாதுப்பா."

"அப்ப அவ கடவுள் ஒதுக்கி வச்ச பிள்ளை இல்ல."

"இல்ல."

"நான் கெடுத்த பிள்ளை."

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்குத் தெரியாதேப்பா என்று. கிடங்குக்காரனுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை என்று. இல்லை என்று வெறுமனே தலையாவது ஆட்டியிருக்கலாம். பிற்பாடு அந்த நிமிஷத்தைப் பல முறை எடுத்துப் பார்த்தாள். அன்று அவள் வாய் திறக்காததற்குக் காரணம், அவர் சொன்னது சரியான விடை. சரியான விடைக்கு எதிராக அவளுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

சட்டியில் ஈயம் உருகிப் புகைந்துகொண்டிருந்தது. சின்னவள், "ஊத்துப்பா, ஊத்து," என்று அவர் தோளை உலுக்கினாள். ஈயக்காரர் தோளை விலக்கிக்கொண்டார். மெதுவாகத்தான். பிறகு எழுந்து ஒரு வாளித் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தார். கரி சீறியது. கொட்டகை முழுதும் சாம்பல் பறந்தது. அவர் வாசல் வழியாக வெளியே போனார்.

அம்மா சல்லடையைக் கீழே வைத்தாள். மடியிலிருந்த தூளைத் தட்டப் போய், தட்டாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்பது வருஷமா எனக்கு இப்படி ஆச்சேன்னு அழறப்ப எல்லாம் கடவுளைத்தான் திட்டினேன். அவரு கேட்டுக்கிட்டு இருந்தாரு. அவருக்கு அது வலிக்காது. இப்ப அந்த எடத்துலேர்ந்து அவரை எழுப்பி விட்டுட்டு உங்கப்பாவை உக்கார வச்சிட்டே. நான் இனிமே யாரைத் திட்டுவேன்? அந்த மனுஷனுக்குச் சோறு போட வேண்டாமா நான்?"

"உண்மை தெரிய வேண்டாமாம்மா?"

"வேணும்டி. தாராளமா வேணும். வேலையை நிறுத்துங்க, இந்தத் தூளு ஆகாதுன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு. அவ்வளவு போதாதா? மிச்சத்தை எதுக்குச் சொன்னே? உனக்குத் தெரியுங்கறதுக்காகவா?"

அதன் பிறகு அந்த வீட்டில் ஈயம் உருகவில்லை. ஈயக்காரர் கிடங்குக்கே போய் உருக்கினார். வேறு வேலைக்கு அலைந்தும் பார்த்தார். இரண்டு இடத்தில் சுமை தூக்கினார். மணிக்கட்டு மடங்கி மூட்டை கீழே விழுந்ததும் வேண்டாம் என்றுவிட்டார்கள். கோடாரி மட்டும்தான் பழக்கத்தில் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வந்ததும் தெருக் குழாயடியில் நின்று மணலும் சவுக்காரமும் போட்டுத் தேய்ப்பார். முழங்கைவரை தோல் உரிந்து சிவந்திருக்கும். சட்டையை வாசலிலேயே கழற்றிச் சாக்கில் கட்டுவார். சோற்றுத் தட்டை வெளியே வாங்கிச் சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுவார். சின்னவளுக்கு முதல் வாய் கிடையாது. அவள் தினமும் வாயைத் திறந்துகொண்டு போய் நிற்பாள். தினமும், "அம்மாகிட்ட போ," என்பார். மறுநாளும் போவாள். போகாதே என்று சொன்னது அவளுக்கு நினைவில் நிற்காதே.

ஒரு நாள் அவர் கை கழுவுவதற்குள் ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"தொடாதே!"

அப்படி ஒரு சத்தம் அதுவரை அவரிடமிருந்து வந்ததில்லை. சின்னவள் முகத்தை அவர் வயிற்றில் புதைத்துக்கொண்டு இன்னும் இறுக்கினாள். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, முழங்காலால் அவளைத் தள்ளினார். விழுந்ததில் குழாயடிக் கல்லில் உதடு கிழிந்தது. சின்னவள் அழாமல் ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவர் தூக்கவில்லை. தூக்க முடியாத கையை வைத்துக்கொண்டு, "அவளை எடுங்க, யாராவது அவளை எடுங்க," என்று தெருவைப் பார்த்துக் கத்தினார்.

எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து எடுத்தாள். அவளுக்கும் பன்னிரண்டு வயதில் ஒரு மகன் இருந்தான். எழுத்துக் கூட்டி வாசிக்க மாட்டான். அவள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது மூத்தவள் பஞ்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"உங்க காலேஜ் அம்மா தெருவுல எல்லாருக்கும் ரத்தம் பாக்கப் போறாங்களாமே," என்றாள் அக்கா.

"ஆமாக்கா. இலவசமா. உங்க பையனுக்கும்—"

"என் மகனுக்குப் பாக்க வேண்டாம்."

"தெரிஞ்சா இனிமேலாவது—"

"உன் பேச்சைக் கேட்டு அவனை எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பறேன். நாளைக்கே அனுப்பறேன். சாக்கடைப் பக்கம் விட மாட்டேன். சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்றேன். நீ சொல்ற அத்தனையும் செய்றேன். ஆனா அந்த நம்பர் மட்டும் என்கிட்ட கொண்டு வராதே." அவள் சின்னவளின் உதட்டைத் தன் முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள். "அவன் மக்கா இருந்துட்டுப் போறான். அவன் அப்பன்கூட நான் இன்னும் முப்பது வருஷம் படுத்து எந்திரிக்கணும். அந்த ஆளு மூஞ்சியைப் பாக்கறப்ப எல்லாம் ஒரு நம்பர் தெரிஞ்சா நான் எப்படிடி வாழறது?"

 முன்பென்றால் மூத்தவள் இதை அறியாமை என்று நோட்டில் எழுதியிருப்பாள். அன்று நோட்டை எடுத்துப் பழைய பக்கங்களைப் படித்தாள். தேதி போட்டு எழுதிய வாக்கியங்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. எந்த வாக்கியத்திலும் ஒரு ஆள் இல்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு மறுநாள் எழுந்து கைகால் கழுவி வேலைக்குப் போகவேண்டிய ஆள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

உதடு கிழிந்த மறுநாளிலிருந்து ஈயக்காரர் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். கிடங்கிலேயே சாக்குகளின் மேல் படுத்துக்கொண்டார். அம்மா இரண்டு பெண்களோடும் நகரத்துக்குள் ஓர் அறைக்குக் குடிபோனாள். அங்கே ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கும் வேலை கிடைத்தது. அவள் மண்டபத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. "எதுக்கும்மா இன்னும் போறே?" என்று மூத்தவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "உக்காரத்தான்," என்றாள் அம்மா. ஈயக்காரர் அந்தப் பக்கமே போகவில்லை என்று பெரியவர் வருத்தப்பட்டுச் சொல்லியனுப்பினார்.

சின்னவளுக்கு மருந்து கொடுத்தார்கள். எண் குறைந்தது. முதல் மாதம் ஒவ்வொரு சாயங்காலமும் கதவருகே போய் நின்று, "அப்பா," என்றாள். இரண்டாம் மாதம் எப்போதாவது. நான்காம் மாதம் கேட்கவில்லை. கீழ்வீட்டில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மூத்தவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கல்லூரிக்குப் போகாமல் கிடங்குக்குப் போகும் பேருந்தில் ஏறினாள். அவரிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு பொய் சொல்லப் போகிறாள். அது ஒன்றுதான் இப்போது அவளிடம் நல்லதாக இருப்பதுபோலத் தோன்றியது.

கிடங்கு ஒரு திறந்த மைதானம். மூலைக்கு மூலை உடைந்த பேட்டரிக் கூடுகள் மலையாகக் கிடந்தன. நடுவில் நான்கு சட்டிகள் எரிந்தன. ஈயக்காரர் தகடு உருவிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் துணியைச் சுற்றிக் கோடாரிப் பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கூட்டைக் கவிழ்த்து, "உக்காரு," என்று சொல்லப் போய், "வேண்டாம், நில்லு," என்றார்.

"அப்பா, அந்த ரிசல்ட்டு தப்புப்பா. ஆய்வகத்துல மாத்தி எழுதிட்டாங்களாம். மேடம் சொன்னாங்க. சின்னவளோடது வேற யாரோடதோ. அவ பிறப்பே அப்படித்தானாம். உன்னால இல்ல."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். 

"பொய் சொல்ல உனக்கு வராது. உனக்குப் பழக்கம் இல்ல."

"நிஜமாத்தான்பா."

"நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன் கண்ணு. நீ சொல்லிக் குடுத்த மாதிரி. ஒண்ணொண்ணா. இங்க வேலை செய்றவங்க அத்தனை பேரையும் கேட்டேன். யாருக்கு வயித்து வலி, யாருக்கு எத்தனை பிள்ளை, எது எப்படி. சரியா வருது. நீ சொன்னது தப்பே இல்ல." அவர் கோடாரியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "ஒண்ணு மட்டும் இடிச்சுது. ஒரே அப்பன், ஒரே ஆத்தா, ஒரே வீடு. சின்னவளுக்கு ஆனது உனக்கு ஏன் ஆகலை? நீ எப்படி இவ்வளவு படிச்சே? அது மட்டும் பிடிபடலை. ரொம்ப நாள் யோசிச்சேன்."

 அவளும் அதை ஒரு முறை யோசித்திருந்தாள். பாதியில் விட்டிருந்தாள்.

"நீ சின்னதா இருந்தப்ப நான் வீட்டுல உருக்கலை. இங்கதான் உருக்கினேன். குளிச்சிட்டு வீட்டுக்கு வருவேன். நீ ஆறாம் வகுப்புக்கு அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல சேர்ந்தே பாரு, அந்த வருஷம்தான் சட்டி வாங்கி வீட்டுல வச்சேன். ராவும் பகலும் உருக்கினாத்தான் உன் படிப்புக்கு ஆகும்னு. மறுவருஷம் சின்னவ பிறந்தா."

அவர் குரலில் கோபம் இல்லை. வரிசையாக, தெளிவாகச் சொன்னார். அவள் அன்று கொட்டகையில் நின்று சொன்ன மாதிரியே.

"உன்கிட்ட இதைச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். ஆனா உனக்குத் தெரியாம ஒண்ணு இருக்கக் கூடாதுல்ல? தெரிஞ்சுக்கறதுதானே உனக்குப் பிடிக்கும். எழுதிக்கோ."

பக்கத்துச் சட்டிக்காரர் கசடை எறிந்தார். அது மண்ணில் விழுந்து சிவப்பாக மினுங்கிக் கறுத்தது. மூத்தவள் கவிழ்த்து வைத்த கூட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவர் எழுந்திரு என்று சொல்லவில்லை. உருவிய தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"சின்னவ என்னைத் தேடறாளா?"

"தினமும் தேடறாப்பா," என்றாள் அவள் உடனே. "கதவுகிட்டயே நிக்கறா. அப்பா எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

ஈயக்காரரின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. ஈறின் நீலக் கோடு தெரிந்தது. பிறகு அது மெல்ல உள்ளே போனது.

"நாலு மாசம் ஆச்சு. அவளுக்கு எதுவும் ஞாபகம் நிக்காதுன்னு நீதானே சொன்னே?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். கோடாரியும் சேர்ந்து உயர்ந்தது.

"நல்லதுதான்," என்றார். "அன்னைக்கு நான் தள்ளி விட்டதும் மறந்துடும்."

காற்று மாறியது. நான்கு சட்டிகளின் புகையும் ஒன்றாகச் சாய்ந்து அவர்கள் பக்கம் வந்தது. ஈயக்காரர் சட்டென்று நிமிர்ந்து மேலே பார்த்தார். கட்டிய கையால் அவளைத் தொடாமல் காற்றிலேயே தள்ளுவதுபோலக் காட்டினார்.

"எந்திரி. புகை உன் மேல வருது. அந்த வேலிக்கு அந்தாண்ட போய் நில்லு. போ."

அவள் எழுந்து போனாள். வேலிக்கு அப்பால் காற்று சுத்தமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தபோது புகைக்குள் அவர் உருவம் தெரியவில்லை. அடுத்த பேட்டரியின் தலையில் கோடாரி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடியும் கேட்டது.